யதார்த்தமா யோசிக்கச் சொல்லுறவைக்கு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு மண்டபம். வாசலில் பெரிய பனர்: வெளிநாட்டில் உயர்கல்வி, இலவசக் கருத்தரங்கு. எங்களில் நாலு பேர் போனோம். கோட் போட்ட ஓர் அண்ணை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, "என்ன படிக்கப் போறியள்?" எண்டு கேட்டார். "புள்ளிவிபரவியலில் முதுமாணி" எண்டோம். "ஆ, ஸ்டட்ஸ். டேட்டா சயன்ஸ் எண்டு போடுவம், அதுக்குத்தான் இப்ப மவுசு" எண்டு சொல்லி, லமினேற் பண்ணிய ஒரு தாளை நீட்டினார். பல்கலைக்கழகப் பெயர்கள், பக்கத்தில் உலகத் தரவரிசை இலக்கம், அதற்குப் பக்கத்தில் பவுணில் கட்டணம். எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அங்க நுண்கணிதம், லீனியர் அல்ஜிப்ரா எல்லாம் படிச்சிருக்க வேணுமா?" அண்ணை ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் பிரச்சினையில்லை தங்கச்சி, பாங்கில காசு காட்ட ஏலுமா எண்டதுதான் கேள்வி" எண்டார்.

வீட்டுக்கு வந்தால் மற்றப் பாட்டு. "ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்கு உதெல்லாம் ஏன்? யதார்த்தமா யோசியுங்கோ. பட்டம் முடிய நியமனம் வரும், வாற வரைக்கும் ரியூசன் குடுங்கோ."

இந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் எங்கட பட்ச் முழுக்க நிற்கிறது. ஒரு குரல் ஆசையை விக்குது. மற்றது பயத்தைத் தருது. பாக்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது: இரண்டுமே கணக்குப் போடுவதில்லை. புள்ளிவிபரவியல் படிக்கப் போகிறவனுக்குக் கணக்கே போடாமல் புத்தி சொல்லுறதைப் போல ஒரு பகிடி வேறேது?

நாங்கள் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இதுதான். யதார்த்தம் என்ற சொல்லை ஏஜென்சியிடமும் விட முடியாது, சொந்தக்காரரிடமும் விட முடியாது. அதை நாங்கள் திருப்பி எடுக்க வேணும். ஏனென்றால் யதார்த்தம் என்பது நிகழ்தகவு. அது எங்கட பாடம்.

முதலில், ஏன் வன்னிப் பிள்ளையளுக்குப் புள்ளிவிபரவியல் எண்டு கேட்கிறவைக்கு ஒரு பதில். எங்கட வாழ்க்கையை இதுவரை தீர்மானித்ததே புள்ளிவிபரவியல்தான், எங்களைக் கேட்காமலே. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ பீடத்துக்குப் போக தமிழ் மாணவருக்கு 400க்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்கள மாணவருக்கு 229. அதற்குப் பிறகு மாவட்டக் கோட்டா. 2001இல் இருந்து இசட் புள்ளி. உங்கட புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து நியம விலகலால் பிரித்தால் வருவது அது. அதன் நாலாவது தசமதானத்தில் ஒருவர் வைத்தியராகிறார், இன்னொருவர் ஆகவில்லை. இந்தச் சூத்திரத்தை உயர்தரம் எடுத்த எத்தனை பேருக்கு விளங்கப்படுத்த முடியும்? 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தையும் புதிய பாடத்திட்டத்தையும் ஒரே குடித்தொகையாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் வேறுவேறாகக் கணிக்கும்படி உத்தரவு வந்தது. இரண்டு வெவ்வேறு குடித்தொகைக்கு ஒரே இடை எடுக்கக் கூடாது என்பது முதலாம் ஆண்டுப் பாடம். அது பிழைத்தபோது நாடு முழுக்கப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அந்தரப்பட்டார்கள்.

அதை விடப் பெரிய கணக்கும் ஒன்று இருக்கிறது. 1981க்குப் பிறகு 1991இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் நடந்தது, ஆனால் முழுமையாக எண்ணப்பட்டது 18 மாவட்டங்கள்தான். எங்கட ஊர்கள் அதில் இல்லை. 2012இல்தான் திரும்ப முழுதாக எண்ணினார்கள். முப்பத்தொரு வருசம். அந்த இடைவெளிக்குள்தான் 2009 வந்தது. போரின் கடைசி மாதங்களில் உள்ளே 70,000 பேர் அளவில்தான் இருக்கினம் எண்டு அரச தரப்பு சொன்னது. வெளியே வந்து முகாம்களில் பதியப்பட்டவர்களே அதைப் போல நாலு மடங்கு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் 429,059 பேர். 2009 ஜூலையில் வெளியே வந்ததாகக் கணக்கிடப்பட்டவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர். அவர்களுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டார். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அதே 2011இல், 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது எண்டு எழுதியது.

ஒரு கழித்தல் கணக்கு கேள்வியை எழுப்பும். அதற்குப் பதில் தேட முறையியல் வேணும். அந்த முறையியல் ஒன்றும் மந்திரம் இல்லை. இரணைமடுக் குளத்தில் எத்தனை மீன் எண்டு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நூறு மீனைப் பிடித்து அடையாளம் இட்டுத் திரும்ப விடுங்கள். கொஞ்ச நாளில் இன்னொரு நூறு பிடியுங்கள். அதில் பத்து மீனில் அடையாளம் இருந்தால், குளத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீன். இதே தர்க்கத்தை மீன் பிடிப்புக்குப் பதிலாகப் பெயர்ப் பட்டியல்களுக்குப் போட்டால், வெவ்வேறு ஆட்கள் தனித்தனியே தயாரித்த பட்டியல்கள் எவ்வளவு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதை வைத்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் எண்டு மதிப்பிடலாம். 2018இல் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழு என்ற அமைப்பு, 2009 மே 17 தொடக்கம் 19 வரை சரணடைந்து காணாமலாக்கப்பட்டவர்களைப் பற்றி இந்த வகைக் கணக்கைப் போட்டது. ஏறத்தாழ 500 பேர் எண்டு மதிப்பிட்டது. அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவராவது முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவராக இருந்திருக்கக் கூடாதா? பட்டியலில் ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் அது ஒரே ஆள் எண்டு ஊர்ப் பிள்ளைக்குத்தான் தெரியும். இதுதான் எங்கட ஆசையின் அடி. சம்பளமும் வேணும்தான், அதை மறைக்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம்.

முதலாவது பொய், தரவரிசை. லமினேற் தாளில் இருந்த இலக்கம் பெரும்பாலும் முழுப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. மருத்துவம், பொறியியல், ஆராய்ச்சிக் காசு, கீர்த்தி எல்லாவற்றையும் குழைத்து எடுத்த ஒரு சராசரி. அதில் இருந்து புள்ளிவிபரவியல் துறை உங்களை எடுக்குமா, எடுத்தால் காசு தருமா, எடுத்த பிறகு நீங்கள் தப்புவீர்களா எண்டு ஒன்றும் தெரியாது. பிறகு, பெயர் பெற்ற ஒரு புள்ளிவிபரவியல் துறையின் கலாநிதிப் படிப்புக்கு வருசத்துக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பம் போகும். எடுக்கிறது பத்து, பதினைஞ்சு பேர் அளவில். விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பகுதி சீனாவிலும் இந்தியாவிலும் கணிதத்தைத் தனிப் பாடமாக நாலு வருசம் படித்தவர்கள். இது பயமுறுத்தச் சொல்லவில்லை. அடிப்படை வீதம் தெரியாமல் விண்ணப்பிக்கிறவன் சீட்டிழுப்புக்குக் காசு கட்டுறான், அவ்வளவுதான்.

"அப்ப பத்து இடத்துக்குப் போட்டால் ஏதாவது ஒன்று கிடைக்கும்தானே?" இதை எங்கட கூட்டத்திலேயே ஒருவன் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் வாய்ப்பு 5 வீதம் எண்டு வைப்போம். பத்தில் ஒன்றாவது கிடைக்கிற நிகழ்தகவு, ஒன்றில் இருந்து 0.95இன் பத்தாம் வலுவைக் கழித்தால், 40 வீதம். நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கணக்கு சரியாக வர அவை சாரா நிகழ்ச்சிகளாக இருக்க வேணும். உண்மையில் அவை அப்படி இல்லை. பத்துத் துறையும் ஒரே பெறுபேற்றுப் பத்திரத்தைத்தான் பார்க்கின்றன. அதில் நுண்கணிதமும் லீனியர் அல்ஜிப்ராவும் இல்லை என்றால் பத்தும் ஒரே காரணத்துக்காக மறுக்கும். அப்ப உங்கட நிகழ்தகவு 40 வீதம் இல்லை, பூச்சியத்துக்குக் கிட்ட. விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு 80 டொலர் எண்டு வைத்தால், பத்துக்கு 800. டொலர் 300 ரூபா எண்டாலும் 240,000 ரூபா. அம்மாவின் ஒரு சோடிக் காப்பு, மறுப்புக் கடிதம் வாங்க.

இரண்டாவது பொய், "எல்லாரும் போயினம்". உங்கட வட்ஸ்அப்பில் ஸ்டேற்றஸ் போடுறது யார்? பனியில் நின்று படம் எடுத்தவர். விசா மறுக்கப்பட்டவர் ஸ்டேற்றஸ் போடமாட்டார். ஒரு வருசம் படித்து, கடன் கட்ட முடியாமல் களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறவர் தன்னுடைய அறையைப் படம் எடுத்துப் போடமாட்டார். தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுக்கிறதைப் புள்ளிவிபரவியலில் ஒரு பிழையாகப் படிப்பிக்கிறார்கள். ஊரில் அதையே ஆலோசனையாகத் தருகிறார்கள்.

மூன்றாவது பொய்தான் மிகவும் ஆபத்தானது. ஏஜென்சிகளின் யதார்த்தம். "அமெரிக்கா கஷ்டம், ஜேர்மனிக்கு மொழி வேணும், லண்டன் ஒரு வருசத்தில முடியும்" எண்டு சொல்லுவினம். லண்டனில் ஒரு வருசத்தில் முதுமாணி முடியும் என்பது உண்மை. அந்த ஒரு வருசத்துக்கு முழுக் கட்டணத்தையும் பெரும்பாலும் நீங்கள்தான் கட்ட வேணும் என்பதும் உண்மை. விசாவுக்குக் காசு 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேணும். அந்த 28 நாளுக்காக ஊரில் என்ன நடக்குது எண்டு எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வட்டிக்குக் காசு வாங்கிப் போட்டு எடுக்கிறது. காணி உறுதியை ஈடு வைக்கிறது. இந்தக் காணி உறுதிகளில் கனக்க, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து திருப்பி எடுத்த உறுதிகள். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனது ஒருவருக்கும் மறந்திருக்காது. ரூபாவில் உழைத்து பவுணில் கடன்படுகிறவர், படிப்போடு சேர்த்து நாணய மாற்றிலும் சூதாடுகிறார்.

கனடாவும் அதே கதைதான். 2024 ஜனவரியில் இருந்து மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் 10,000 டொலரில் இருந்து 20,635 டொலராகக் கூடியது. அதே வருசம் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பும் வந்தது. இங்கிலாந்து 2024 ஜனவரியில் இருந்து பாடநெறி முதுமாணி மாணவர் குடும்பத்தைக் கூட்டி வருவதை நிறுத்தியது. "அங்க மாமா இருக்கிறார்" என்பதை வைத்து நாட்டைத் தெரிவு செய்தவர்களுக்கு, மாமா இருந்தாலும் சட்டம் மாறும் எண்டது அப்பதான் விளங்கியது.

ஏஜென்சி ஒரு விசயத்தைச் சொல்லாது. சொன்னால் அதன் கடை பூட்டும். அமெரிக்காவில் புள்ளிவிபரவியல் முதுமாணிக்குப் பெரும்பாலும் நீங்கள் காசு கட்ட வேணும். ஆனால் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் அவர்கள் உங்களுக்குக் காசு தருகிறார்கள். கற்பித்தல் உதவியாளர் வேலை, கட்டண விலக்கு, மாதக் கொடுப்பனவு. கனடாவில் ஆய்வோடு கூடிய முதுமாணிக்கே பல துறைகள் இப்படித் தருகின்றன. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்–வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் ஒரு தவணைக்கு 1,500 யூரோ எடுக்கிறது. முடக்கப்பட்ட கணக்கில் ஒரு வருசத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டவும் வேணும். அது செலவழிக்க உங்களுக்கே திரும்ப வருகிற காசு, ஆனால் முதலில் தேடத்தான் வேணும். இந்த மூன்று வாசலிலும் ஏஜென்சிக்குத் தரகுக் காசு இல்லை. அதனால்தான் லமினேற் தாளில் அவை இல்லை.

நாலாவது பொய் எங்கட வீட்டுக்குள் இருந்து வருகிறது. "நீங்கள் வன்னிக் கோட்டாவில வந்தனியள்." உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுகிறோம், பல்கலைக்கழக விடுதியிலும் கேட்டிருக்கிறோம். ஓம். 2012 கணக்கில் முல்லைத்தீவில் 92,000 பேர் அளவு, கிளிநொச்சியில் 113,000 அளவு, வவுனியாவில் 172,000 அளவு. கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் மூன்றும் இருக்கின்றன. குறைந்த வெட்டுப்புள்ளி வந்தது ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடங்களில் இருந்து. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கவனியுங்கள்: ரொரண்டோவிலோ மியூனிக்கிலோ விண்ணப்பத்தைப் பார்க்கிற பேராசிரியருக்கு உங்கட மாவட்டம் தெரியாது. இசட் புள்ளி என்றால் என்னவென்று அவர் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. அவருக்குக் கோட்டாவும் இல்லை, இரக்கமும் இல்லை. அவர் பார்க்கிறது பெறுபேற்றுப் பத்திரம், கணிதப் பாடங்கள், சிபாரிசுக் கடிதம், நீங்கள் செய்த ஏதாவது ஒரு வேலை. இது விடுதலையும்தான், கடுமையும்தான். வெட்டுப்புள்ளி உங்களைத் துரத்தாது. வெட்டுப்புள்ளி உங்களைக் காப்பாற்றவும் மாட்டாது.

சரி, கலைப்பீடத்துப் பிள்ளைகள் நேர்மையாக எங்களைப் பார்ப்போம். எங்களில் பெரும்பாலானோர் உயர்தரத்தில் பொருளியல், புவியியல், அளவையியல், வணிகப் புள்ளிவிபரவியல் எடுத்தவர்கள். பல்கலைக்கழகத்தில் ஒன்றிரண்டு புள்ளிவிபரப் பாடம். பெரும்பகுதி தமிழ் மூலம். இந்த நிலையில் கணிதப் புள்ளிவிபரவியல் முதுமாணிக்கு நேரே விண்ணப்பிக்க முடியாது. இதைச் சொல்ல எங்களுக்கும் நோகுது. ஆனால் இது மாவட்டத்தாலும் வரவில்லை, மூளையாலும் வரவில்லை. படிக்காத நாலைந்து பாடத்தால் வந்தது. நுண்கணிதம், லீனியர் அல்ஜிப்ரா, நிகழ்தகவு, கணிதப் புள்ளிவிபரவியல். கலாநிதிப் படிப்பு எண்டால் மெய்ப்பகுப்பாய்வும். பாடம் என்றால் படிக்கலாம்.

அதனால் எங்கட கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று கேள்விக்கு விடை எழுதினோம். அந்தத் துறை கேட்கிற பாடங்களில் எத்தனை என்னிடம் இருக்கு? படிப்புக்கு யார் காசு தருகிறார்கள்: துறையா, புலமைப்பரிசிலா, அம்மாவின் நகையா? முடித்த பிறகு அந்தப் பட்டத்தால் என்ன செய்ய முடியும், இங்கேயும் அங்கேயும்? இரண்டாவது விடை "அம்மாவின் நகை" எண்டு வந்தால் அந்தப் பெயரை வெட்டினோம். முதலாவதில் பாதிக்கு மேல் இல்லை என்றால், "இப்ப இல்லை, இரண்டு வருசத்தில்" எண்டு எழுதினோம். தரவரிசைக்கு ஒரு நிரலே போடவில்லை.

அப்படி வெட்டி மிஞ்சிய பட்டியல் எங்களையே ஆச்சரியப்படுத்தியது.

பக்கத்திலேயே வாசல்கள் இருந்தன. பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பிரயோகப் புள்ளிவிபரவியல் முதுமாணி இருக்கிறது. கொழும்பில் கலைப்பீடத்துக்குள்ளேயே குடித்தொகையியல் துறை இருக்கிறது. கலைப்பீட மாணவருக்குத் தரவோடு வேலை செய்ய அதை விட நேரான பாதை நாட்டில் குறைவு. கல்கத்தாவில், மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், ஆசிய ஆபிரிக்க நாட்டவர்களுக்காகவே 1950இல் இருந்து ஒரு சர்வதேசக் கல்வி நிலையம் இயங்குகிறது. மும்பாயில் 1956இல் தொடங்கிய சர்வதேச குடித்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இலங்கை மாணவரின் முதுமாணிப் படிப்புக்கென்றே உள்ளது. கிளிநொச்சி மண்டபத்தில் இந்தப் பெயர் ஒன்றையாவது யாரும் சொல்லவில்லை. சென்னை எண்டால் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போற இடம், படிக்கிறதெண்டால் லண்டன் எண்டு எங்கட தலைக்குள் யாரோ எழுதி வைத்திருக்கினம்.

இரண்டாம் தரம் எண்டு மூக்கைச் சுழிக்கிறவைக்கு ஒரு கதை. சி. ஆர். ராவ் ஆந்திராவில் கணிதம் படித்துவிட்டு வேலை தேடிக் கல்கத்தாவுக்குப் போனவர். அந்த வேலை கிடைக்கவில்லை. 1941இல் மகலனோபிசின் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1945இல் கல்கத்தாவின் ஒரு கணிதச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் பேறுதான், இன்று உலகத்தின் எந்தப் புள்ளிவிபரவியல் வகுப்பிலும் கிராமர்–ராவ் எண்டு படிப்பிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் கிடைத்தது அதற்குப் பிறகு, 1948இல். வேலை முதலில் வந்தது, பெயர் பெற்ற இடம் பிறகு வந்தது. எல்லாரும் ராவ் ஆகலாம் எண்டு சொன்னால் நாங்களும் தப்பிப் பிழைத்தவர்களின் கணக்கைத்தான் போடுவோம். ஆனால் பாதை நேர்கோடாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு சான்று போதும்.

இங்கே தங்கி வாசல் வாசலாகப் போகிற இரண்டு வருசத்தில் என்ன செய்யலாம்? மூன்று வருசப் பொதுப் பட்டத்துக்கும் நாலு வருசச் சிறப்புப் பட்டத்துக்கும் வெளியே வேறு மதிப்பு. பல அமெரிக்கத் துறைகள் நாலு வருசத்தை எதிர்பார்க்கின்றன. இன்னும் தெரிவு செய்ய வாய்ப்புள்ள இரண்டாம் வருசக்காரர் இதைக் கட்டாயம் யோசியுங்கோ. கில்பேட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜிப்ரா விரிவுரைகள் முழுக்க இணையத்தில் இலவசம். ஹாவேட்டில் ஜோ பிளிட்ஸ்ரைன் படிப்பித்த நிகழ்தகவுப் பாடமும் அப்படியே. ஆர் என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஆனால் யூடியூப்பில் பார்த்தேன் எண்டு விண்ணப்பத்தில் எழுத முடியாது. புள்ளி போட்ட ஒரு பத்திரம் வேணும். அதற்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடங்கள் ஒரு வழி. இங்கே ஒரு பிரயோகப் புள்ளிவிபரவியல் முதுமாணி இன்னொரு வழி. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கைகள் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன. 2024 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் 2 கோடி 17 லட்சம் பேர் எண்டு வந்திருக்கிறது. அதில் எங்கட பிரதேச செயலகப் பிரிவுக்கு என்ன நடந்திருக்கிறது எண்டு ஒரு பத்துப் பக்கம் எழுதுங்கள். பனியில் எடுத்த படத்தை விட அந்தப் பத்துப் பக்கம் விண்ணப்பத்தில் பாரமாக இருக்கும்.

இப்ப எங்களோடு சண்டைக்கு வாறவைக்கு.

"போனவை திரும்பி வரமாட்டினம், பிறகேன் இந்த ஆரவாரம்?" சிலர் வரமாட்டினம். அதை மறுக்க எங்களிடம் தரவு இல்லை. ஆனால் கடனோடு போனவர் திரும்பி வரவே முடியாது. கடன் முடியும் வரைக்கும் அவர் அந்த நாட்டின் கைதி. துறையின் காசில் படித்தவருக்குத்தான் திரும்பி வருகிற தெரிவாவது இருக்கு. பிள்ளைகள் ஊருக்குத் திரும்ப வேணும் எண்டு உண்மையாகவே விரும்புகிறவை முதலில் காணி உறுதியை ஈடு வைக்கிறதை நிறுத்தச் சொல்ல வேணும்.

பல்கலைக்கழகங்களுக்கு: கலைப்பீடத்துப் பிள்ளை விஞ்ஞான பீடத்தில் நுண்கணிதம் எடுக்கக் கேட்டால், "நேரசூசி பொருந்தாது" என்பது ஒரு பதில் இல்லை. நேரசூசி கடவுள் எழுதியதில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்டு நாலு முறை வாசலில் நிக்க வைக்கிற விரிவுரையாளர்மாருக்கு: நீங்களும் ஒருகாலத்தில் யாரோ எழுதிய கடிதத்தில்தான் போனனீங்கள்.

கடைசியாக, வெளியே போன அண்ணைமார், அக்காமாருக்கு. நீங்கள் பட்டமளிப்புப் படத்தைப் போடுறீங்கள், நாங்கள் விருப்பக்குறி போடுறம். அதோடு சேர்த்து நீங்கள் எத்தனை இடத்துக்குப் போட்டீங்கள், எத்தனை மறுத்தது, எந்தப் பாடம் இல்லாமல் மறுத்தது, யார் காசு தந்தது எண்டும் எழுதுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை. வெற்றி மட்டும் உள்ள தரவை வைத்து ஒருவரும் எதையும் மதிப்பிட முடியாது. உங்கட மறுப்புக் கடிதங்கள் எங்களுக்கு வேணும். பத்துப் பேர் எழுதினால் அது ஒரு மாதிரி. ஐம்பது பேர் எழுதினால், கிளிநொச்சி மண்டபத்து லமினேற் தாளைக் கிழிக்கக் காணும்.

நாங்களும் போடுவோம். இந்த வருசம் எங்களில் மூன்று பேர் விண்ணப்பிக்கிறோம்: ஒருத்தி கொழும்புக்கு, ஒருவன் இந்தியப் புலமைப்பரிசிலுக்கு, இன்னொருத்தி நுண்கணிதம் படிக்கத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவு இதே பக்கத்தில் வரும், காரணத்தோடு.